உளவியல் பட்டமும் உளநோய் தீர்க்கும் பயிற்சியும்



உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் நம் தெருவில் இருப்பாரானால், அக்கம்பக்கத்தார் அவரை 'மனநோய் டாக்டர்' என்றே வழங்கத் தொடங்கிவிடுகின்றனர். உறக்கம் வராதவரும், படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் தாயும், குடியை விட இயலாதவரின் மனைவியும் அவரைத் தேடி வருகின்றனர். வருபவருடைய நம்பிக்கை பெரிது. அந்நம்பிக்கைக்கு ஈடுகொடுக்கும் பயிற்சி அப்பட்டத்தில் அடங்கியுள்ளதா என்றால், இல்லை என்றே விடை கூறவேண்டும். பட்டத்துக்கும் பணிக்கும் இடையே ஓர் அகழி உளது. அதனைக் கடப்பதற்கென அமைந்த படிப்பைப் பற்றியும், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படிப்பு ஏன் சிறப்பாக வேண்டப்படுகிறது என்பது பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற முற்படுகிறோம். பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கும் இச்செய்திகளிற் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உளவியல் என்பது மனத்தின் இயல்பை ஆராயும் பொதுக்கல்வி. நினைவு எங்ஙனம் நிலைக்கிறது, குழந்தை எங்ஙனம் கற்கிறது, ஒரு கூட்டம் ஏன் ஒருமித்து அஞ்சுகிறது என்பன போன்றவற்றை அது ஆராயும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்பின் மனநோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித் தருபவர் அவர். இவ்விருவருக்கும் நடுவே நிற்பவரே மருத்துவ உளவியலார். அவர் மருந்து தருவதில்லை. நோயுற்றவரை நேர்கண்டு, அதற்குரிய சோதனைகளை நடத்தி, குறையின் தன்மையை மதிப்பிட்டு, பேச்சாலும் படிப்படியான பழக்கத்தாலும் அதனைத் தணிக்க முயல்வது அவர் தொழில். கட்டைப் பிரிப்பது போல் தோன்றும் எளிய விளையாட்டிலிருந்து ஒரு குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் கணிப்பதும் அவரே; தலையில் அடிபட்டவருக்கு நினைவாற்றல் எவ்வளவு குன்றியுள்ளது என்று அளந்து கூறுபவரும் அவரே.

இத்துறை மிகப் பழமையானதன்று. 1896ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்னும் பேராசிரியரிடம் பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு சிறுவனை அழைத்து வந்தார். மற்றப் பாடங்களில் அறிவுடையவனாக இருந்தும் எழுத்துக்கூட்டுவதில் அவன் மிகவும் இடர்ப்பட்டான். ஏட்டில் உள்ள உளவியல் இந்தச் சிறுவனுக்கு உதவுமா என்பதே ஆசிரியையின் வினா. உதவாவிட்டால் அந்த அறிவால் பயன் யாது என்று விட்மர் எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது முதல் உளவியல் மருத்துவ நிலையம்.

நம் நாட்டில் முதல் உலகப்போர்க் காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித் துறையாயிற்று. 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் அத்துறை தோன்றியது. மைசூரில் அதற்குத் தலைமை பூண்டவர் எம்.வி. கோபாலசாமி. அவரைப் பற்றிய ஒரு சிறு செய்தியை வானொலி நேயர்களிடம் கூறாமல் இருக்க முடியவில்லை. 1935இல் அவர் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டினார். நாட்டு வானொலி பின்னாளில் அப்பெயரையே தனக்கும் கொண்டது. வானொலிக்குப் பெயர் கொடுத்தவர் ஓர் உளவியலார்! ஒலிபரப்பாளர் பிறர் செவியை நம்பித் தொழில் நடத்துபவர். உளவியலார் தம் செவியை நம்பி நடத்துபவர். ஆகவே இருவரையும் உறவினர் என்று கூறுவதில் தவறில்லை.

நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய ஆண்டாகிய 1946இல், சர் ஜோசப் போர் என்பாரின் தலைமையில் அமைந்த நலவாழ்வுக் குழு, மனநலத் துறைக்கென ஆட்களைப் பயிற்றும் நிலையம் ஒன்று வேண்டும் என்று கூறியது. அதன் பயனாக 1954இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிலையம் உருவாயிற்று. 1955இல் அங்கு மருத்துவம் படித்தோர்க்கு ஒரு பட்டயப் படிப்பும், உளவியல் படித்தோர்க்கு மற்றொரு பட்டயப் படிப்பும் தொடங்கப்பெற்றன. பின்னது தான் நாம் பேச எடுத்துக்கொண்ட படிப்பின் மூல ஊற்று. 1962இல் ராஞ்சியிலும் இத்தகைய படிப்பு வந்தது. பெங்களூர் நிலையம் 1974இல் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையோடு இணைந்து, இன்று எல்லோரும் 'நிம்ஹான்ஸ்' என்று சுருங்கச் சொல்லும் பெருநிலையமாயிற்று. பட்டயமாக இருந்த படிப்பு எம்.ஃபில். என்னும் பட்டமாக உயர்ந்தது. பெயர் மாறினும் அமைப்பு மாறவில்லை: முதுகலை முடித்தவர் மேலும் இரண்டு ஆண்டுகள் முழுநேரமும் மருத்துவமனையிலேயே கழிக்கவேண்டும்.

சட்டம் இதனை எங்ஙனம் காண்கிறது? 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டத்தின்படி மருத்துவ உளவியலார் அக்குழுவின் நடுவண் பதிவேட்டில் பெயர் பதிந்துகொண்ட பின்னரே தொழில் நடத்தலாம். பதியாமல் நடத்துவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயிரம் ரூபாய் இந்நாளில் யாரையும் அச்சுறுத்தாது. சிறை என்னும் சொல் அச்சுறுத்தலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலார் யார் என்று விளக்கம் கூறுகிறது. மறுவாழ்வுக் குழு ஏற்ற ஒரு நிறுவனத்தில் மருத்துவ உளவியலுக்கான தகுதியைப் பெற்றவர். அல்லது உளவியலில் முதுகலைப் பட்டத்தோடு, மேற்பார்வையின்கீழ் மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர். 'மேற்பார்வையின்கீழ்' என்னும் அச்சொல்லில்தான் எல்லாம் அடங்கியுள்ளது.

ஏனெனில், இப்படிப்பில் கற்பவை நூலிற் காணாதவை. மாணவர் காலையில் மனநலப் பிரிவில் நோயாளியின் அருகே அமர்ந்து அவருடைய வரலாற்றைக் கேட்டு எழுதுகிறார். எப்பொழுது தொடங்கிற்று, முதலில் கண்டவர் யார், வீட்டார் என்ன செய்தனர், எந்தக் கோயிலுக்கு, எந்தத் தர்காவுக்கு, எந்த மருத்துவரிடம் சென்றனர், நோய்க்கு முன் இம்மனிதர் எத்தகையவர் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அதனை மூத்தவரிடம் கொண்டு செல்கிறார். மூத்தவர் ஒரு வினா கேட்கிறார். அவ்வொரு வினாவுக்கு விடை காண மாணவர் மீண்டும் நோயாளியிடம் செல்லவேண்டியதாகிறது. எழுதியது திருத்தப்படுகிறது, மீண்டும் எழுதப்படுகிறது. குழந்தைகள் பிரிவு, நரம்பு நோய்ப் பிரிவு, குடிநோய் மீட்புப் பிரிவு, ஊர்ப்புற முகாம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

மூத்தவர் அருகில் இருப்பது மாணவருக்குத் துணை, நோயாளிக்கோ காப்பு. 'தற்கொலை எண்ணம் உண்டா' என்று ஒருவரைக் கேட்கக் கூசும் கூச்சம் நூலைப் படித்து நீங்குவதில்லை. கேட்பவரைக் கண்டு, கேட்டுப் பழகி, தவறாகக் கேட்டபோது திருத்தப்பெற்று நீங்குவது அது. நோயாளி அழும்போது உடனே ஆறுதல் கூறத் துடிக்கும் நாவை அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்பதும் ஒரு பயிற்சியே. தமிழ் வீடுகளில் வளர்ந்த நமக்கு அது மிகவும் கடினம். 'அழாதே அம்மா, எல்லாம் சரியாகிவிடும்' என்று கூறாவிட்டால் நமக்கு மனம் ஆறாது. எல்லாம் சரியாகிவிடும் என்பதை நாம் அறியோம் என்பதே உண்மை.

பிற நாடுகளிலும் இந்த இணைப்பு வெவ்வேறு வடிவில் உண்டு. பிரிட்டனில் இது மூன்றாண்டுப் பெரும்பட்டப் படிப்பு. மாணவர் அரசு நலவாழ்வுத் துறையின் ஊழியராகவே ஊதியம் பெற்றுப் பயில்கிறார். ஆஸ்திரேலியாவில் பொது உளவியலாராகப் பதிவுபெற்றுப் பணியாற்றுபவர் மருத்துவ உளவியலுக்கு மாற விரும்பினால், முன்னர்ப் பயின்றதைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை மட்டும் பயில்வதற்கு இணைப்புப் படிப்புகள் உள்ளன. நம் நாட்டில் அத்தகைய கழிவு இல்லை. பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ பத்தாண்டுகள் ஆலோசகராக இருந்தவரும் முதலாண்டு மாணவராகவே அமரவேண்டும். இது சிறிது கொடுமையாகத் தோன்றினும், நோயாளியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நாம் இதனைக் குறைகூற மாட்டோம்.

இனித் தீவுகளுக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவருள் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். நூற்றுக்குப் பதினைவர் எனலாம். வங்காளியருக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த நிலையில் நிற்பவர் நாம். தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவரும், பர்மாவிலிருந்து திரும்பியோரும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோரும் இத்தொகையில் அடங்குவர். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கடற்பயணத்தின் கதை உண்டு. தமிழ்வழிப் பள்ளிகளும் இங்கு உள்ளன. ஆயினும் கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் அலுவலகத்திலும் எல்லோரையும் இணைப்பது இந்தியே.

மனநோயைப் பொறுத்தவரை இதன் விளைவு யாது? உடல்நோய்க்கு மொழி ஓரளவே வேண்டும். எலும்பு முறிந்தால் நிழற்படம் காட்டிவிடும். காய்ச்சலை வெப்பமானி கூறிவிடும். மனத்துக்கு அத்தகைய கருவி ஏதும் இல்லை. நோயாளி கூறும் சொல் ஒன்றே சான்று. தமிழ்த் தாய் ஒருத்தி, 'மனசு சரியில்லை' என்கிறாள். 'என்னமோ மாதிரி இருக்கு' என்கிறாள். 'நெஞ்சு படபடங்குது, வயித்தைப் பிசையுது, உடம்பெல்லாம் எரியுது' என்கிறாள். இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாயில். 'என்னமோ மாதிரி' என்பதற்குள் அச்சமும் இருக்கலாம்; துயரமும் இருக்கலாம்; கூற நாணும் குடும்பச் செய்தியும் இருக்கலாம். அவளே இந்தியில் கூற நேரும்போது 'கப்ராஹட்' என்னும் ஒரே சொல்லில் அத்தனையையும் அடைத்துவிடுகிறாள். அச்சொல் தவறன்று; படபடப்பையும் பதற்றத்தையும் அது நன்றாகவே குறிக்கும். ஆனால் அந்த வயிற்றுப் பிசைவும் எரிச்சலும் கூற நாணிய செய்தியும் வழியிலேயே நின்றுவிடுகின்றன.

'காத்துக் கருப்பு அண்டிடுச்சு' என்று பாட்டி கூறினால், அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவரிடம் அக்குடும்பம் மறுமுறை வாராது. அதை நம்பி ஏற்பதும் மருத்துவ உளவியலாரின் வேலையன்று. எந்நாளில், எவ்விடத்தில், யாருடன் இருந்தபோது அண்டிற்று என்று பொறுமையாகக் கேட்டால், நோய் தொடங்கிய நாளும் நிகழ்ச்சியும் தாமே வெளிப்படும். இதனைக் கேட்கத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. அவ்வழக்கில் ஊறிய செவி வேண்டும்.

குழந்தைகளைச் சோதிப்பதிலும் இதே இடர்ப்பாடு. அறிவுத்திறனை அளக்கும் சோதனைகளிற் பல சொற்களைச் சார்ந்தவை. 1934இல் வி.வி. காமத் பினேயின் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கென மாற்றியமைத்தபோது கன்னடத்திலும் மராத்தியிலும்தான் அமைத்தார். சொல்லைச் சாராமல் செய்கையால் அளக்கும் பாட்டியாவின் சோதனைத் தொகுதி 1955இல் வெளிவந்தது. கட்டைகளை அடுக்குதல், வடிவங்களை வரைதல், துண்டுப் படங்களை இணைத்தல் என்று அது செல்லும். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் தீவுக் குழந்தை ஒரு வினாவுக்கு விடை கூறாதபோது, அறிவில்லாமல் கூறவில்லையா, அந்த மொழியில் அச்சொல்லை அறியாமல் கூறவில்லையா என்று பிரித்தறிவது எளிதன்று. பிரித்தறியாமல் ஓர் எண்ணை எழுதிவிட்டால், அவ்வெண் அக்குழந்தையின் பள்ளி வாழ்வையே நிர்ணயித்துவிடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின்கீழ் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வழங்கும்போதும் இத்தகைய சோதனையின் முடிவே அடிப்படையாகிறது. மூன்று மொழிகளின் நடுவே வளர்ந்த ஒருவர் இச்சோதனையை நடத்தினால், குழந்தை எந்த மொழியில் சிந்திக்கிறது என்பதை அவர் விரைவில் கண்டுகொள்வார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை இத்தீவுகளில் யாரும் மறந்திலர். கச்சாலும் கார் நிக்கோபாரும் பட்ட பாடு உலகறியும். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அந்நாட்களில் பெங்களூர் நிம்ஹான்ஸிலிருந்து மனநலக் குழுவினர் தீவுகளுக்கு வந்து, துயர்தணிப்பு முகாம்களில் பணியாற்றினர். ஆசிரியர்க்கும் தொண்டர்க்கும் பயிற்சி அளித்தனர். அவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று ஊன்றி நோக்கத்தக்கது. வீடிழந்து இடம்பெயர்ந்தோரில் நூற்றுக்கு 5.2 பேரிடமும், இடம்பெயராதோரில் 2.8 பேரிடமும் மனநோய் காணப்பட்டது என்று அது கூறுகிறது. இடம்பெயர்ந்தோரிடையே திடீரெனத் தாக்கும் பேரச்சமும், பதற்றமும், உடல்வழியாக வெளிப்படும் துன்பங்களும் மிகுந்திருந்தன. அவ்வளவு பெரிய அழிவுக்கு இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றலாம். கட்டுக்குலையாத குடும்பங்களும், தம் மக்களைத் தாங்கிநின்ற ஊர்த்தலைவர்களும், இறைநம்பிக்கையுமே பலரைக் காத்தன என்று அக்குழுவினர் எழுதினர். வெளியிலிருந்து வந்த வல்லுநர் தம் மருத்துவத்தைக் காட்டிலும் தீவு மக்களின் கூட்டுவாழ்வை உயர்த்திக் கூறியது அவருடைய நேர்மைக்குச் சான்று.

ஆயினும் வந்தவர் திரும்பவேண்டியவரே. பேரழிவின் முதல் மாதங்களில் வெளிப்படும் துன்பம் வேறு. நிலைபெயர்ந்த வாழ்வில், புதுக் குடியிருப்பில், ஐந்தாண்டும் பத்தாண்டும் சென்றபின் குடியாகவும் உறக்கமின்மையாகவும் தலைகாட்டும் துன்பம் வேறு. பின்னதைக் காண ஊரில் நிலைத்திருப்பவர் வேண்டும். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று கணித்தது. அவ்வாய்வு நடந்த பன்னிரண்டு மாநிலங்களில் தீவுகள் இடம்பெறவில்லை. எண்ணப்படாதவர் எண்ணத்தக்கவரல்லர் என்று யாரும் கருதிவிடலாகாது.

மனநோயுற்றவர் தீவிலிருந்து கடல்கடந்த வரலாறு இங்குப் பழையது. அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்றுச் செல்லுலார்ச் சிறைக்கு வந்த உல்லாஸ்கர் தத்தர், அங்குப்பட்ட கொடுமையால் மனம் குலைந்தார். 1912இல் அவரை ஹேடோவில் இருந்த மனநோய் விடுதியில் அடைத்தனர். பின்னர்ச் சென்னை மனநோய் விடுதிக்குக் கொண்டு சென்றனர். 1920இல் அவர் விடுதலையானார். அன்று மருத்துவம் என்பதே கதவைப் பூட்டுவதாக இருந்தது. இன்று சென்னையிலிருந்து வரும் கப்பல்கள் அணைவது அதே ஹேடோத் துறைமுகத்தில். அச்செல்லுலார்ச் சிறையின் வளாகத்தில் 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. 2015 முதல் தீவுகளில் ஒரு மருத்துவக் கல்லூரியும் நடைபெற்று வருகிறது. போர்ட் பிளேர் என்னும் பெயரே 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. எனினும், மருத்துவ உளவியலில் பயிற்சி பெற விரும்பும் தீவு மாணவர் கப்பலில் மூன்று நாளோ, விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேலோ பயணம் செய்தே தீரவேண்டும். அன்று நோயாளி கடந்த கடலை இன்று மாணவர் கடக்கிறார். இதுவே ஒரு முன்னேற்றந்தான்.

எங்குச் செல்வது? பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிலையம், டில்லியின் இப்ஹாஸ், அஸ்ஸாமில் தேஜ்பூர் நிலையம் ஆகியவை பெயர்பெற்றவை. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா, எஸ்.ஆர்.எம். போன்ற பல்கலைக்கழகங்கள் இப்படிப்பை நடத்தி வந்துள்ளன. அரசு நிலையங்களில் இடங்கள் மிகக் குறைவு; நுழைவுத் தேர்வு கடுமையானது. தேறியவர்க்குச் சில இடங்களில் உதவித்தொகையும் கிடைக்கும். தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இலட்சக்கணக்கில் ஆகும். பெங்களூரில் இடம் பெறும் தமிழ் மாணவர்க்கு ஒரு நற்பேறு உண்டு. அங்கு வரும் நோயாளர் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல மொழிகளில் பேசுகின்றனர். வேறு மாநிலங்களில் வளர்ந்ததால் தமிழ் அரைகுறையாயிற்று என்று வருந்தும் நம் பிள்ளைகள், அந்த மருத்துவமனையில் தமக்கு மூன்று மொழிகள் தெரிந்திருப்பது எத்துணைப் பெரிய கருவி என்று உணர்வர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. நாம் இதுவரை கூறிய எம்.ஃபில். படிப்பின் நிலை இந்நாளில் மாறி வருகிறது. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நீக்கி விதி வகுத்தது. மருத்துவ உளவியலுக்கு மட்டும் மாற்றுவழி அமையும் வரை பொறுத்தல் வேண்டும் என்ற கோரிக்கை எழவே, 2024 ஜனவரியில் அக்குழு, மருத்துவ உளவியலிலும் மனநலச் சமூகப் பணியிலும் எம்.ஃபில். சேர்க்கை 2025-26ஆம் கல்வியாண்டு வரை நடைபெறலாம் என்று அறிவித்தது. மறுபுறம், இளநிலையிலிருந்தும் முதுநிலையிலிருந்தும் மருத்துவ உளவியலையே பயிற்றும் புதிய பாடத்திட்டங்களை மறுவாழ்வுக் குழு வகுத்துள்ளது. பொது உளவியலில் ஏற்கெனவே எம்.ஏ. முடித்தவர் எந்த வாயிலில் நுழைவது என்பதே பல குடும்பங்களின் கவலை. பழைய வாயிலை மூடுவோர், புதிய வாயிலைக் கட்டி முடித்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய பின்னரே மூடியிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. பெருநகரத்து மாணவர் பத்திரிகையைப் படித்து, நாலு பேரைக் கேட்டுச் சமாளித்துக்கொள்வர். லிட்டில் அந்தமானிலோ ரங்கத்திலோ இருக்கும் மாணவர்க்கு ஓராண்டு தவறினால் அடுத்த ஆண்டு படிப்பையே கைவிடும் நிலை வந்துவிடும்.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. பணம் கட்டுமுன், அக்கல்லூரியும் அப்படிப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு மறுவாழ்வுக் குழுவின் ஏற்புப் பட்டியலில் உள்ளனவா என்று அக்குழுவின் பட்டியலிலேயே பார்த்தல் வேண்டும். கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்புதல் கூடாது. முதுகலையில் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணும், பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பிற பிற்பட்ட வகுப்பினர்க்கும் 50 மதிப்பெண்ணும் எம்.ஃபில். படிப்புக்கு வேண்டப்பட்டன, மதிப்பெண் குறைந்தால் பின்னர் வருந்திப் பயனில்லை. தீவுகளில் பலர் அஞ்சல்வழியே முதுகலை பயில்கின்றனர். அப்பட்டத்தைத் தாம் சேர விரும்பும் நிறுவனம் ஏற்குமா என்பதை முதுகலையில் சேர்வதற்கு முன்பே எழுதிக் கேட்டறிதல் நலம். மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் 'மனநல ஆலோசகர்' சான்றிதழ் தருவதாகக் கூறும் நிலையங்கள் பல தோன்றியுள்ளன. அவற்றிற் சில நல்லறிவு புகட்டலாம். மருத்துவ உளவியலாராகப் பதிவு பெறும் உரிமையை அவை தாரா.

படித்துத் திரும்பியவர்க்கு வேலை உண்டா என்பது நியாயமான வினா. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில், மாவட்டக் குழுவில் மனநல மருத்துவரோடு மருத்துவ உளவியலார்க்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டுள்ளது. தீவுகளில் மாவட்டங்கள் மூன்று. எழுத்தில் உள்ள இடம் ஆளால் நிரம்பவேண்டுமாயின் உரிய தகுதி பெற்றவர் வேண்டும். தகுதி பெற்றவர் வரவேண்டுமாயின் நிலையான பணியும் தக்க ஊதியமும் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று காத்திருக்கிறது. இம்முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உண்டு. தீவு நிருவாகம் ஆண்டுக்கு ஓரிருவரைத் தேர்ந்து, இரண்டாண்டுப் பயிற்சிச் செலவை ஏற்று, குறிப்பிட்ட ஆண்டுகள் தீவில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் பெற்றுக்கொள்ளலாம். தமிழ்ச் சங்கங்களும் ஒரு மாணவரின் பயணச் செலவையேனும் ஏற்கலாம். பொங்கல் விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு போதும். விழாவைக் குறைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை.

பயிற்சி பெற்றவர் வந்து சேரும் வரை இன்று துன்புறுவோர் காத்திருக்க இயலாது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம். அழைப்பவர் முதலில் மொழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வீட்டில் முதியோர் இருப்பின், அந்தத் தேர்வை இளையவர் செய்து கொடுத்துவிட்டு, கருவியை அவர் கையில் தந்து, அவர் தனியே பேசுவதற்கு இடம்விட்டு விலகி நிற்கவேண்டும்.